பரணில் பழைய கார்பைன் கிடைத்தால்...

தாம்பரத்தை அடுத்த சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு பக்கம் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்கள் நிறைய. பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது பரணில் இருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். அதில் எப்போதாவது கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியும் இருக்கும்.

1. உடனே தூக்கிப் பார்க்காதீர்கள். எத்தனை வருடத் துருவாக இருந்தாலும் உள்ளே குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். நீங்களே பையில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டு போக வேண்டாம்.

2. தேய்க்கவே தேய்க்காதீர்கள். எங்கள் தாத்தாவின் பெட்டியில், துப்பாக்கிக் கட்டையில் பதிக்கும் பித்தளை வில்லை ஒன்று இருந்தது. பழைய ஒரு ரூபாய் அளவு, அதில் படைப்பிரிவும் எண்ணும். அம்மா அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு வருடா வருடம் விளக்கினார். இன்று கடைசியில் ஒரு 7 மட்டும் தெரிகிறது. தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார் என்பது போய்விட்டது. துப்பாக்கியில் உள்ள எண்ணை அழிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

3. விஷயம் தெரிந்தவர் பார்த்துக் குண்டு இல்லை என்று சொன்ன பிறகு முத்திரையைப் படிக்கலாம். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடியுங்கள். சாக்பீஸ் பொடியை விரலால் மெல்லத் தடவினால் எழுத்து வெள்ளையாக எழும். போட்டோ எடுத்துவிட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள்.

4. முதலில் கிரீடத்தைத் தேடுங்கள். அதன் கீழே வி.ஆர். என்றால் விக்டோரியா காலம், இ.ஆர். என்றால் எட்வர்டு, ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். ஜி.ஆர்.ஐ. என்று இருந்தால் ‘ஐ’ பேரரசரைக் குறிக்கும். அது பெரும்பாலும் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. குடியரசான பிறகு கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது, கூடவே ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் ஆண்டும்.

5. விசைக்குக் கீழே நீண்ட நெம்புகோல் இருந்தால் பெரும்பாலும் மார்ட்டினி-ஹென்றி. வலப்பக்க இரும்பில் ஐ.சி.1 என்றிருந்தால் குதிரைப்படைக் கார்பைன்; ஏ.சி.1 என்றால் பீரங்கிப் படைக்கு உரியது.

6. ‘ஜங்கிள் கார்பைன்’ என்பதில்தான் ஏமாற்று அதிகம். உண்மையான பெயர் நம்பர் 5 மார்க் 1. இங்கிலாந்தில் 1944 முதல் 1947 வரை செய்தார்கள். எடை சுமார் 3.2 கிலோ. குழல் நுனியில் புனல் மாதிரி தீப்பொறி மறைப்பான், கட்டையின் பின்னால் ரப்பர். இந்த இரண்டையும் பிற்பாடு எவரும் மாட்டிவிடலாம் என்பதால் வேறு இடங்களைப் பாருங்கள். போல்ட் பிடியின் குமிழ் குடைந்திருக்க வேண்டும். எடை குறைக்க உடல் இரும்பையும் ஆங்காங்கே சீவியிருப்பார்கள். குறி பார்க்கும் பட்டையில் அளவு 800 கஜத்தோடு முடியும். 1300 வரை போனால் பெரும்பாலும் அது நீளமான நம்பர் 4 ரைஃபிளை வெட்டியது. மாடல் பெயர் இடப்பக்கத்தில், மின்பேனாவால் கீறியது போல மெல்லிய எழுத்தில் இருக்கும். 2ஏ1 என்றும் 7.62 என்றும் கண்டால் அது இஷாப்பூர் ரைஃபிள். அதையும் குட்டையாக்கி வெளிநாட்டில் கார்பைன் என்று விற்றிருக்கிறார்கள்.

7. நம் ஊர்ப் போலீஸ் ‘கார்பைன்’ என்று சொல்வது கான்பூரில் செய்த 9 மி.மீ. 1ஏ1, ஸ்டெர்லிங் வகை. பக்கவாட்டில் மேகசின் செருகுவதைக் கண்டாலே தெரிந்துவிடும். அது வீட்டில் இருக்கவே கூடாத ஆயுதம்.

8. அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால் படையிலிருந்து விற்றுக் கழித்தது. அந்தக் குறி இருப்பதால் உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

9. லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் ‘சுடாது’ என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

10. பழைய ஆயுதங்களை நேரில் பார்க்க, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. துப்பாக்கியை ஒப்படைக்கும் முன், முத்திரைகளின் போட்டோவைத் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.