டஸ்கனியை ஒரு பகலில் பார்க்க முடியாது

இத்தாலியின் கிராமப்புறத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பணத்தையும் ஆசையையும் ஒருசேர விழுங்குவது ஒன்றுதான். கிராமத்தை நகரப் பயணத்தோடு ஒட்டுப்போடுவதுதான் அது. ரோமில் இரண்டு நாள், ஃப்ளாரன்ஸில் இரண்டு நாள், வெனிஸில் ஒரு நாள், நடுவில் 'டஸ்கனி கிராமங்கள், அரை நாள்' என்று ஒரு வரி. நம் ஊரில் விற்கும் இத்தாலி பேக்கேஜ்களில் இந்த வரியைச் சாதாரணமாகப் பார்க்கலாம். விமானக் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் கட்டி அவ்வளவு தூரம் போனவர்கள், எந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டார்களோ அந்தக் குன்றை பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. இந்த அரை நாளில் என்ன பார்க்க முடியும், என்ன முடியாது என்பது விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாங்குகிறவருக்கு அதைச் சொல்ல அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. அந்த நிலம் எப்படி அமைந்தது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், அந்த வரியை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

எல்லோரும் பார்த்திருக்கும் படம் ஒன்று உண்டு. அலை அலையாகப் பச்சைக் குன்றுகள், ஒரு குன்றின் முகட்டுக்கு வளைந்து ஏறும் மண்பாதை, பாதையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், உச்சியில் தன்னந்தனியாக ஒரு கல்வீடு. சியெனாவுக்குத் தெற்கே உள்ள ஓர்ச்சா பள்ளத்தாக்கில்தான் இப்படிப்பட்ட படங்கள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த நிலப்பரப்பு இது. அந்த வீடு ஏன் தனியாக நிற்கிறது? மத்திய இத்தாலியில் பல நூற்றாண்டுகள் நடந்தது பாதிவாரச் சாகுபடி. நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வாரத்தைப் போன்றதுதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் குடியானவர் ஊர்த் தெருவில் வசித்துக்கொண்டு வயலுக்குப் போய்வந்தார். அங்கே குடும்பம் முழுவதும் அந்த நிலத்தின் மேலேயே குடியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பண்ணைக்கும் நடுவில் ஒரு வீடு எழுந்தது. ஊர்களோ மதில் சூழ்ந்து குன்றுகளின் தலையில் தனியே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடும்பங்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டன. 1964இல் புதிய வார ஒப்பந்தங்களையே சட்டம் தடை செய்தது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. விவசாயம் செய்கிறவர் தன் பண்ணையில் விருந்தினரையும் தங்கவைக்கலாம் என்று 1985இல் தேசியச் சட்டம் வந்தது. 'அக்ரிதுரிஸ்மோ' என்று இன்று பலகை மாட்டியிருக்கும் பண்ணைவீடுகளுக்கு அடிப்படை அந்தச் சட்டம்தான். விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2006இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் தொடர்கிறது.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஆசைப்பட்ட இடம் எந்த ஊரிலும் இல்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையில், சரளைக்கல் பாவிய வெள்ளைப் பாதை ஒன்றின் முடிவில் இருக்கிறது. அங்கே பஸ் ஏறாது. அந்தப் பள்ளத்தாக்கின் பியென்ஸா ஊருக்கு ரயிலே கிடையாது. மோந்தேபுல்சியானோ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு, ஆனால் அது கீழே சமவெளியில், ஊரை விட்டு வெகு தள்ளி இருக்கிறது. ஊர்களுக்கிடையே ஓடும் பஸ்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்காக நேரம் குறிக்கப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை அவையும் அரிது. ஃப்ளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் சியெனா, சான் ஜிமிஞ்ஞானோ, பீசா என்று சுற்றிக்காட்டும் பஸ் பயணம் காட்டுவது மூன்று நகரங்களை. கிராமப்புறம் என்று அதில் இருப்பது நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஓடும் காட்சி மட்டுமே.

சரி, ஒரு வேன் பிடித்து ஃப்ளாரன்ஸிலிருந்து நேராகப் பியென்ஸாவுக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலை உணவு முடித்துக் கிளம்பும் குடும்பம் போய்ச் சேர்ந்து கொஞ்சம் நடப்பதற்குள் மதியம் ஒன்றாகிவிடும். சிறிய ஊர்களில் பல கடைகள் அப்போது அடைத்து மூன்றரை, நான்கு மணிக்குத்தான் திறக்கும். உணவகங்களின் சமையலறை இரண்டரை வாக்கில் மூடினால் மறுபடி அடுப்பு எரிவது இரவு ஏழு, ஏழரைக்கு. குழந்தைகளுக்குப் பசிக்கும் மூன்று மணிக்கு ஊரே கதவடைத்திருக்கும். அந்த நிலத்தின் அழகு முழுதாகத் தெரிவது சாய்ந்த வெயிலில். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் குன்றுகளில், மாலை ஆறரைக்கு மேல்தான் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் இறங்கி மேடும் பள்ளமும் பிரிந்து தெரியும். மே மாதத்தில் சூரியன் மறைய எட்டரை ஆகும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நீங்கள் கடல் தாண்டிப் போகிறீர்கள். உங்கள் வேனோ அப்போது ஃப்ளாரன்ஸ் போக்குவரத்தில் நிற்கும். அங்கே தங்குகிறவருக்கு மட்டுமே அந்த மாலை கிடைக்கும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதலில் வீடு, பிறகு தேதி, அதற்குப் பிறகுதான் விமானச்சீட்டு. சீசனில் பல பண்ணைவீடுகள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாரக் கணக்கில்தான் கொடுக்கப்படும். மலிவாகக் கிடைத்ததே என்று புதன்கிழமை விமானத்தை முதலில் வாங்கிவிட்டால், நல்ல வீடுகள் கைநழுவிப் போகும். அல்லது இரண்டு முனையிலும் ஓட்டல் வாடகை கொடுக்க வேண்டிவரும். ஒரே வீட்டில் ஏழு இரவு, முடிவில் ரோமில் இரண்டு இரவு, அங்கிருந்தே விமானம். இதற்கு வீட்டுக்குள்ளேயே முதல் எதிர்ப்பு கிளம்பும். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், மறுபடி போவோமான்னு தெரியாது, வெனிஸைப் பாக்காம வர்றதா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டல் மாறும்போதும் அரை நாள் போகிறது. பெட்டி கட்டி, காலையில் அறையைக் காலி செய்து, ரயில் பிடித்து, புது ஊரில் மூன்று மணி வரை அறைக்காகக் காத்திருக்க வேண்டும். நான்கு ஊர் மாறினால் இரண்டு முழு நாள் ரயில் நிலையத்திலும் ஓட்டல் வரவேற்பறையிலும் கழியும். அந்த நாட்களுக்கும் நீங்கள்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். வெனிஸை விட்டுவிடுங்கள். அது தனியாக ஒரு பயணத்துக்குத் தகுதியான ஊர்.

ஒரே இடத்தில் ஏழு நாள் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வரைபடத்தைப் பார்த்ததில்லை. பியென்ஸா ஒன்றே ஒரு நாளைக்குக் காணும். கோர்சிஞ்ஞானோ என்ற தன் சொந்தக் கிராமத்தை இரண்டாம் பயஸ் என்ற போப், பெர்னார்தோ ரோசெல்லினோ என்ற சிற்பியைக் கொண்டு 1459 முதல் புதிதாகக் கட்டுவித்து, தன் பெயரையே சூட்டிய ஊர் அது. பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பாஞ்ஞோ விஞ்ஞோனி இருக்கிறது. ஊரின் நடுச்சதுக்கமே வெந்நீர் ஊற்றுக் குளம். தார்கோவ்ஸ்கி தன் 'நோஸ்டால்ஜியா' படத்தின் காட்சிகள் சிலவற்றை இந்தக் குளத்தில்தான் எடுத்தார். மோந்தால்சினோ, மோந்தேபுல்சியானோ இரண்டும் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவுக்குள். ஒரு முழு நாளை சியெனாவுக்கு ஒதுக்குங்கள், அதுவும் வாரத்தின் கடைசியில். அங்கே நகர மன்ற மாளிகையில் அம்ப்ரோஜியோ லோரென்செத்தி 1338-39இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பதே அதன் பொருள். அதில் கோட்டை வாசலுக்கு வெளியே குன்றுகள் விரிகின்றன. கதிர் அறுக்கிறார்கள், போரடிக்கிறார்கள், ஒருவர் வயிற்றில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை நகரத்தை நோக்கி ஓட்டிவருகிறார். அந்தப் பன்றி இனம் இன்றும் சியெனாப் பண்ணைகளில் வளர்கிறது. முதல் நாளே போய்ப் பார்த்தால் அது ஒரு பழைய சுவர். ஐந்து நாள் அந்தக் குன்றுகளுக்கு நடுவே தங்கிவிட்டுப் பார்த்தால், காலையில் நீங்கள் கடந்துவந்த நிலம் அறுநூற்று எண்பது வருடத்துக்கு முன்பே வரையப்பட்டிருப்பது தெரியும்.

கார் ஓட்ட வேண்டுமே என்பது உண்மையான தடை. இதை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் செல்லும், அசல் லைசென்ஸையும் கூடவே வைத்திருக்க வேண்டும். வாடகைக் காருக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடக்கையை ஸ்டியரிங்கில் வைத்து வலக்கையால் கியர் போட வேண்டும். அதனால் கூடுதல் வாடகை ஆனாலும் ஆட்டோமேட்டிக் வண்டியையே முன்பதிவு செய்யுங்கள். டீசலுக்கு அங்கே 'கசோலியோ' என்று எழுதியிருக்கும், பெட்ரோல் வண்டிக்கு அதை ஊற்றிவிடாதீர்கள். இவையெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். பழகினாலும் கடிப்பது இசட்.டி.எல். எனப்படும் தடைசெய்யப்பட்ட போக்குவரத்து வளையம். ஃப்ளாரன்ஸ், சியெனா தொடங்கிச் சின்ன மலையூர்கள் வரை பழைய நகருக்குள் வெளியூர் வண்டி நுழையக்கூடாது. வாசலில் கேட் இருக்காது, போலீஸ்காரரும் இருக்கமாட்டார். சிவப்பு வட்டம் போட்ட ஒரு பலகையும் அதற்கு மேலே ஒரு கேமராவும் மட்டும். எத்தனை முறை நுழைகிறீர்களோ அத்தனை முறையும் தனித்தனி அபராதம். அதன் கடிதம் பல மாதம் கழித்துச் சென்னை வீட்டுக்கு வரும். உங்கள் முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி கார்டிலிருந்து தனியாக ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். மேப் காட்டிய வழியில்தான் போனேன் என்பது அங்கே செல்லாது. இதற்கு ஒரே வழி, மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடப்பது. வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சள் அந்தந்தப் பகுதியினருக்கும் சிறப்பு அனுமதி உள்ளவர்களுக்கும். வீட்டில் யாருமே ஓட்டமாட்டீர்கள் என்றால் அதே பள்ளத்தாக்கின் சான் குவிரிகோ போன்ற சிற்றூருக்குள் தங்கி, இரண்டு நாளைக்கு மட்டும் டிரைவரோடு கார் பேசிக்கொள்ளுங்கள். ரோமுக்கு யாத்திரை போனவர்களின் பழைய பிரான்சிஜெனா பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது, நடந்தே வயல்வெளிக்குள் இறங்கலாம். பண்ணைவீட்டுக்கு இது ஈடாகாது. ஆனாலும் பஸ் பயணத்தை விடப் பல மடங்கு மேல்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பண்ணைவீட்டில் சமையலறை உள்ள பகுதியாகக் கேட்டு வாங்கினால் பெரியவர்களுக்குச் சாதமும் ரசமும் வைத்துக்கொள்ளலாம். சைவர்கள் இரண்டை மட்டும் கவனியுங்கள். பாலாடைக்கட்டி பலவற்றிலும் பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். காய்கறி சூப் என்று வருவதிலும் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது, டஸ்கனி வழக்கம் அது.

மாதத்தைத் தேர்வதில் நம்மவர்கள் கேட்கும் அறிவுரை பெரும்பாலும் தவறானது. ஐரோப்பா என்றால் ஜூலை, ஆகஸ்ட் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றுகளின் பச்சை பெரும்பாலும் கோதுமைப் பயிரின் பச்சை. குளிர்காலத்துக்கு முன் விதைத்தது ஏப்ரல், மேயில் பச்சையாக நிற்கும், ஜூனில் பொன்னிறமாகும், ஜூலைக்குள் அறுவடை முடிந்துவிடும். ஆகஸ்டில் போகிறவர் பார்ப்பது வெட்டிய தாளும் உழுத களிமண்ணும். வெயில் நம் ஊர் போலக் காயும். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை, அதை ஒட்டி இத்தாலியர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் வாடகையும் உச்சத்தில் இருக்கும். நம் குழந்தைகளுக்கோ பள்ளி விடுமுறையே மே மாதத்தில்தான். பச்சை வயலும் அதில் சிவந்து கிடக்கும் பாப்பிப் பூக்களும் உள்ள மாதம் நமக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிட உறுதிக் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு கேட்பார்கள், எனவே வீடு கையில் இருந்தால் அந்த வேலையும் முடிந்தது. வரும் மே மாதத்துக்குப் போக நினைத்தால் வீட்டைத் தீபாவளிக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.