ஜன்னல் புதுசு, மழை உள்ளே

மடிப்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன முதல் டிசம்பர் அது. படுக்கையறையின் கிழக்குச் சுவரில் வெள்ளை வெளேரென்று யுபிவிசி ஜன்னல், போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து விளக்கைப் போட்டபோது ஜன்னல் தண்டவாளம் நிரம்பி, கிரானைட் வழியாக வழிந்து, கட்டில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைச் சுருட்டி அணை கட்டினோம். அரை மணிக்கு ஒரு தரம் பிழிந்தோம். விடியும்போது வாளியில் பாதி இருந்தது.

ஜன்னல் போட்ட காண்ட்ராக்டருக்குப் போன் மேல் போன். நான்காம் நாள் ஒரு பையனை அனுப்பினார். அவன் சிலிகான் குழாயோடு வந்து, உள்ளேயும் வெளியேயும் கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பீச்சிவிட்டுப் போனான். அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் வந்தது.

கடைசியில் பக்கத்துத் தெருவில் அலுமினிய வேலை செய்யும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்ததும், “ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா” என்றார். குடிக்க என்று நினைத்து அம்மா பானைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அதை வாங்கித் தண்டவாளத்தில் ஊற்றிவிட்டு அவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அசையவில்லை. சட்டத்தின் வெளிப்பக்கம், அடியில், ஒரு அங்குல நீளத்துக்குச் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை அவற்றில் நுழைத்துத் திருகினார். முதலில் சிலிகான் சுருளாக வந்தது. பிறகு காய்ந்த சிமெண்ட் பால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அதற்கப்புறம் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடிற்று.

“தண்ணி உள்ள வரத்தான் தம்பி செய்யும். வந்தது வெளியே போக வழி வேணும். அந்த வழியைத்தான் அடைச்சு வெச்சிருக்காங்க.”

அன்றிலிருந்து, வீடு கட்டுகிற சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கதவு ஜன்னல் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்கிறேன். எல்லோரும் எந்த மரம், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று மாதக்கணக்கில் அலைகிறார்கள். அதைச் சுவரில் பொருத்துகிற நாளில் வீட்டுக்காரர் ஒருவரும் அங்கே இருப்பதில்லை. நான் கேட்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நாளில் உண்டானவை. அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளையும் அவற்றின் நிஜத்தையும் இங்கே எழுதுகிறேன்.

“யுபிவிசி போட்டால் சொட்டுத் தண்ணீர் வராது”

ஸ்லைடிங் ஜன்னலில் கதவு நகர வேண்டுமென்றால் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் கொஞ்சம் தண்ணீர் தண்டவாளத்துக்குள் இறங்கும் என்று தெரிந்துதான், தயாரிப்பவர்களே அடியில் வடிகால் துளை விடுகிறார்கள். சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதால், முதலில் அடி வாங்குவது கிழக்கு, வடக்கு ஜன்னல்கள். அந்தப் பக்கங்களில் கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் நல்லது. மூடும்போது நான்கு பக்கமும் ரப்பர் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் துளை அடைபட்டதற்குக் காரணம் வேலையின் வரிசை. ஜன்னலைப் பொருத்திய பிறகு கிரானைட் பதித்தார்கள். கிரானைட்டுக்கு ஊற்றிய சிமெண்ட் பால் துளைக்குள் போய் இறுகிவிட்டது. பூச்சு முடிந்து, கிரானைட் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும்படி உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு அளவே எடுக்க வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்கும் அப்படியே. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திறப்பு கோணலாக இருக்கிறது. செங்கல் நிலையிலேயே அளவெடுத்துப் போகிறவர், பிறகு சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்தை விட்டு, அதைத் தெர்மாகோல் துண்டாலும் வெறும் சிமெண்டாலும் அடைப்பார். அந்தச் சந்து வழியாகவும் மழை வரும்.

சிலிகானிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பீச்சும்போது வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை. கண்ணாடிக்கு ஒட்டும், சிமெண்ட் பூச்சில் நின்று பிடிக்காது. சுவர் ஓரத்துக்கு அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள். சட்டத்துக்கு உள்ளே இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். யுபிவிசி தனியாகப் பெரிய கண்ணாடியின் கனத்தைத் தாங்கினால் நாளடைவில் வளைந்துவிடும். வெளியிலிருந்து ஒரு காந்தத்தை வைத்தால் தெரிந்துபோகும்.

“தேக்கு என்றால் கரையான் தொடாது”

பாதி உண்மைதான். கரையான் தொடத் தயங்குவது தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் பழுப்பேறிய பகுதியை. வெளிவட்டத்தில் வெளிறிக் கிடக்கும் வெள்ளையை மற்ற மரத்தைப் போலவே தின்னும். இளமரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வருவதும் அதே தேக்கு இனம்தான், அங்கே நட்டு வளர்த்தது. அதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் சீக்கிரம் வெட்டிய மரமாக இருந்தால் வெள்ளையும் சேர்ந்தே உங்கள் நிலைக்கு வரும். பர்மாவைப் பொறுத்தவரை, 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரம் ஏற்றுமதியை அந்த நாடே தடை செய்துவிட்டது. “பர்மா தேக்கு, இப்போதுதான் இறங்கியது” என்று முழு மரத்தைக் காட்டினால், எப்போது, எந்தத் தாளோடு வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயரைவிட மூன்று கேள்விகள் முக்கியம். வெள்ளை எவ்வளவு இருக்கிறது? மரம் காய்ந்திருக்கிறதா? சுவருக்குள் மறையப்போகும் பக்கத்துக்கு என்ன பூசியிருக்கிறார்கள்? பச்சை மரத்தில் செய்த கதவு வீட்டுக்குள் வந்து காய்ந்து, முறுக்கிக்கொள்ளும். நிலையின் சுவர்ப்பக்கத்தில் தாரோ பிரைமரோ பூசாமல் ஈரச் சிமெண்டோடு சேர்த்துக் கட்டினால் தேக்காகவே இருந்தாலும் அடியிலிருந்து கெடும்.

மழைக்காலத்தில் கதவு பிடிப்பதையும் மரத்தின் தரக்குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். எந்த மரமும் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாக்கில் பெருக்கும், நீளவாக்கில் அவ்வளவாகப் பெருக்காது. நவம்பரில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிட்டால், மே மாதம் அதே இடத்தில் இடைவெளி தெரியும். இழைக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு கண்ணாடியைக் கதவின் அடியில் நீட்டிப் பாருங்கள். கதவின் முன்னும் பின்னும் பளபளவென்று பாலிஷ் இருக்கும். கீழ் விளிம்பில் பச்சை மரம் தெரியும். கதவை மாட்டிய பிறகு பாலிஷ் போட்டதால் அந்த விளிம்புக்குத் துணி எட்டியிருக்காது. மேல் விளிம்பும் அப்படியே. வீடு துடைக்கும் தண்ணீரும் மழை ஈரமும் ஏறுவது அந்த வழியாகத்தான். கதவை மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசச் சொல்வதற்குத் தனிச் செலவு எதுவும் கிடையாது.

“சதுர அடி விலை குறைவாகச் சொன்னவர்தான் மலிவு”

சதுர அடி இவ்வளவு என்று இரண்டு பேர் சொல்லும் இரண்டு எண்கள் ஒரே பொருளுக்கானவை என்று நம்பிவிடாதீர்கள். ஒருவர் கண்ணாடி, கொசுவலை, பூட்டு, பொருத்துகூலி, வண்டிவாடகை, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் வெறும் சட்டத்துக்குச் சொல்லியிருப்பார். குளியலறை வென்டிலேட்டர் இரண்டு சதுர அடிதான் வரும். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடிக்குப் பணம் என்று கணக்கில் ஏற்றும் வழக்கமும் உண்டு. என் சித்தி வீட்டில் மலிவு என்று முடிவு செய்த வேலை, கொசுவலையும் கைப்பிடியும் தனி என்று கடைசியில் தெரிந்தபோது, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய விலையைத் தாண்டிப் போயிருந்தது. சித்தி அந்த வருத்தத்தை இன்றும் சொல்வார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வரி என்று எழுதி வாங்குங்கள். அளவு, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், வலை உண்டா இல்லையா, திருகு எந்த உலோகம் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். கடலோரத்தில் சாதாரண இரும்புத் திருகு சீக்கிரமே துருவைக் கக்கும்.

“பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம்” என்ற பேச்சும் இதோடு சேர்ந்தது. பில்லை விட்டுக்கொடுத்தால் உங்கள் உரிமைக்கான அத்தாட்சியையும் விட்டுக்கொடுக்கிறீர்கள். வீடு கட்டித்தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1993லேயே லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே.குப்தாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காண்ட்ராக்டரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். குறை நேர்ந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் புகார் சொல்லலாம். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். எங்களிடம் இருந்தது ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிய மொத்தத் தொகை மட்டும்.

“10 வருஷம் வாரண்டி இருக்கிறது”

எதற்கு என்று கேளுங்கள். நிறம் மங்காமல், சட்டம் வெடிக்காமல் இருப்பதற்குத் தயாரிப்பாளர் தரும் வாரண்டி அது. ரோலர், கைப்பிடி, பூட்டு இவற்றுக்குக் காலம் குறைவாக இருக்கும். பொருத்தியதில் வரும் ஒழுக்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்பதில்லை, பொருத்தியவர்தான் ஏற்க வேண்டும். அதை அவர் கையெழுத்தில் தனியாக வாங்க வேண்டும்.

“டஃபண்ட் கண்ணாடி உடையாது”

உடையும். அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலு அதற்கு உண்டு. ஆனால் விளிம்பில் ஒரு கூர்மையான அடி பட்டால் முழுவதும் கல்கண்டுபோல் நொறுங்கிக் கொட்டும். நீளக் கத்தியாகப் பிளந்து ஆளைக் கிழிக்காது என்பதுதான் அதன் அருமை. மேல்மாடியில், கீழே குழந்தைகள் விளையாடும் இடமென்றால், உடைந்தாலும் நடுப்படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் லாமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். டஃபண்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு அறுக்க முடியாது. உங்கள் வீட்டு வாசலில் வைத்து ஓரத்தை அறுத்துப் பொருத்துகிறார்கள் என்றால் அது டஃபண்ட் இல்லை.

“பெரிய ஜன்னல் என்றால் நல்ல காற்று”

இரண்டு தண்டவாள ஸ்லைடிங் ஜன்னல் ஆறடி அகலம் இருந்தாலும் திறப்பது மூன்றடிதான். நம் கடற்கரையைப் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள இடங்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. வரைபடத்தில் இருக்கும் ஜன்னல் அளவைப் பார்த்துத் திருப்தி அடையாமல், திறக்கும் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெயில் காலத்து இரவுகளில் வித்தியாசம் தெரியும்.

“நல்ல நேரத்தில் வைத்த வாசக்காலை அசைக்கக் கூடாது”

இதைச் சொல்லும்போது யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிறேன். மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, நவதானியம் போட்டு, உறவுக்காரர்கள் சூழ நிலை வைக்கும் அந்தக் காலை எங்கள் வீட்டிலும் நிறைவாக நடந்தது. ஆனால் ஒன்றரை மணி நேர முகூர்த்தத்துக்குள் அவசரமாக நிறுத்திய நிலை, அதன்பின் நாலு பேர் கை வைத்ததிலும் சுவர் எழுப்பியதிலும் சற்றே சாய்ந்திருக்கலாம். பூசை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனதும், மேஸ்திரியை நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். கீழே அகலம் குறையாமலிருக்க அடித்த குறுக்குச் சட்டத்தைச் சுவர் இறுகும் வரை எடுக்கக் கூடாது. நிலையைச் சுவரோடு பிடித்துவைக்கும் ஹோல்டுபாஸ்ட் இரும்பு, பக்கத்துக்கு மூன்று, சுவருக்குள் போயிருக்கிறதா என்பதையும் அப்போதே எண்ணிவிடலாம். சாய்ந்த நிலையில் மாட்டிய கதவு தானாகத் திறந்துகொள்ளும், இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். கீலை எத்தனை தரம் மாற்றினாலும் அது சரியாகாது.

சென்ற ஆண்டு என் தம்பி சேலையூரில் மேல்தளம் எடுத்தான். வேறு காண்ட்ராக்டர். ஒப்பந்தத்தில் அம்மா ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு. அந்த மனிதர் முகம் கோணவில்லை, கையெழுத்துப் போட்டார். பொருத்துகிற நாளில் தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே நின்றான். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பாக்கியை வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கிழக்கு ஜன்னலுக்குப் போனார். தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி, “அம்மா, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க” என்றார்.