விஞ்ஞானப் பெயரின் இரண்டாம் சொல்

வெள்ளவத்தைச் சந்தையில் நாம் "பப்பாசி" என்று கேட்டு வாங்கும் பழத்தைச் சென்னையிற் "பப்பாளி" என்பர். சிங்களத்தில் அது "கஸ்லபு". ஆனால் உலகெங்கும் அதன் விஞ்ஞானப் பெயர் ஒன்றே: கரிக்கா பப்பாயா. இந்த இருசொற் பெயரீட்டு முறையைக் கரோலஸ் லினேயஸ் தாவரங்களுக்கு 1753 இலும் விலங்குகளுக்கு 1758 இலும் முறையாகக் கையாண்டார்.

முதற்சொல் சாதிப் பெயர். இரண்டாம் சொல் இன அடைமொழி. இரண்டும் சேர்ந்ததே இனத்தின் பெயர். அடைமொழியின் பொருளை அறிந்தால் பெயரை மனனஞ் செய்வது எளிது.

1. அடைமொழி எதைக் குறிக்கலாம்?

இயல்பு: பனை, பொரஸ்ஸஸ் பிளாபெலிபர். இதன் பொருள் "விசிறி தாங்கிய". பனையோலையை நினைவிற் கொள்க.
இடம்: மா, மங்கிபெரா இண்டிக்கா. இண்டிக்கா என்பது "இந்தியாவுக்குரிய".
நபர்: நமது தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி, கல்லஸ் லபாயெற்றீ. இது பிரான்சின் லபாயெற் பிரபுவைக் கௌரவிக்கும் பெயர்.

2. ஈறு ஏன் மாறுகின்றது?

இலத்தீன் மொழியிற் பெயரடை, பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப ஈறு மாறும். "பயிரிடப்பட்ட" என்னும் ஒரே சொல்லைப் பாருங்கள்.

நெல்: ஒரைசா சற்றைவா (பெண்பால்)
முள்ளங்கி: ரபானஸ் சற்றைவஸ் (ஆண்பால்)
மெண்டலின் பட்டாணி: பைசம் சற்றைவம் (அலிப்பால்)

3. ஏமாறக்கூடிய இடங்கள்

(அ) அடைமொழியை மட்டும் எழுதினால் இனம் புலப்படாது. மா, வேம்பு, புளி ஆகிய மூன்றுக்கும் அடைமொழி இண்டிக்கா தான்.

(ஆ) பெயர் எப்போதும் சான்றாகாது. புளியின் தாயகம் வெப்பமண்டல ஆபிரிக்கா. நமது யானையின் அடைமொழியாகிய மக்சிமஸ் "மிகப் பெரிய" எனப் பொருள்படும். ஆயினும் ஆபிரிக்கப் புல்வெளி யானையே பெரிது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்றுவதில்லை.

(இ) கறுவாவுக்குப் பல நூல்களிற் சினமோமம் செயிலானிக்கம், அதாவது "இலங்கைக்குரிய", என்றிருக்கும். இன்று ஏற்கப்பட்ட பெயர் சினமோமம் வேரம். வேரம் என்றால் "உண்மையான". இரண்டும் ஒரே தாவரமே.

கவனத்திற் கொள்க

விஞ்ஞானப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து. இடப்பெயரோ ஆட்பெயரோ ஆயினும் அடைமொழி சிற்றெழுத்திலேயே தொடங்கும். கையால் எழுதும்போது இரு சொற்களின் கீழும் தனித்தனியே கோடிடுக, அச்சிற் சாய்வெழுத்து.

பயிற்சி

1. தென்னை, கொக்கோஸ் நியூசிபெரா. "பெரா" என்பது "தாங்கிய" எனின், "நியூசி" எதைக் குறிக்கும்?
2. வேம்பும் மாவும் ஒரே அடைமொழியைக் கொண்டிருப்பதால் அவை நெருங்கிய உறவுடையனவா? காரணந் தருக.

விடை

1. கொட்டை.
2. இல்லை. அடைமொழி உறவைக் காட்டாது. ஒரே சாதிப் பெயரைக் கொண்ட இனங்களே நெருங்கிய உறவுடையன. இவற்றின் சாதிகள் வேறு.