ஜன்னல் சீட் கிடைத்தால் போதுமா? எந்தப் பக்கம்னு பாருங்க!

டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, ஜன்னலோரமும் கேட்டு வாங்கி, வழி முழுக்க இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தால் மனசு ஆறுமா? எந்த வரிசை என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளப் பைசா செலவில்லை.

1. முன்பக்கம் பார்த்து உட்காரும்போது 'ஏ' சீட் இடது ஜன்னல். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்களில் வலது ஜன்னல் 'எஃப்'. வெளிநாடு போகும் பெரிய விமானங்களில் வலது ஜன்னல் பெரும்பாலும் 'கே'.

2. சீட்டுக்குப் பணம் கட்டும் முன் மேப்பில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்க. சென்னை–கொழும்பு கோடு ஏறக்குறைய நேர் தெற்கே போகும். நாகப்பட்டினம், கோடியக்கரை, ராமர் பாலம் எல்லாம் அதற்கு மேற்கே, அதாவது உங்கள் வலது கைப்பக்கம். சென்னை–கோவை போகிறவர்களுக்கும் நீலகிரி வலது பக்கம்தான். திரும்பி வரும்போது எல்லாம் அப்படியே இடம் மாறிவிடும், மறந்துவிடாதீங்க. போகும்போது எஃப் என்றால் வரும்போது ஏ.

3. டெல்லியிலிருந்து காத்மாண்டு, பாக்டோக்ரா, குவாஹாத்தி போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏ சீட் எடுக்கலாம். விமானம் கிழக்கே போகும், இமயமலைத் தொடர் வடக்கே இடது பக்கம் வெகுநேரம் கூடவே வரும். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா வரை தெரியும். முக்திநாத், டார்ஜிலிங் என்று கிளம்பும் நம் ஊர்க் குடும்பங்கள் பலர் போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் உட்கார்ந்து இரண்டு தடவையும் வெறும் சமவெளியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். அங்கே மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை விமானமாக எடுங்க. பகல் ஏற ஏற மலைமேல் மேகம் கட்டிவிடும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் ஏ சீட்டில் கண்ணும் கூசாது.

4. காத்மாண்டுவில் எவரெஸ்ட் பார்ப்பதற்கென்றே ஒரு மணி நேரம் போல் சுற்றிவரும் விமானம் உண்டு. போகும்போது மலை இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். அதனால் இதில் மட்டும் பக்கத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

5. டெல்லி–லே விமானம் நேர் வடக்கே போகும், மலை இரண்டு பக்கமும் இருக்கும். காலை நேரத்தில் சூரியன் வலது பக்கம் நிற்பதால், இடது ஜன்னலில் வெயில் விழுந்த பனிச்சரிவுகள் பளிச்சென்று தெரியும். லே விமான நிலையமே 3,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. இறங்கும்போது மலைகள் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், அப்போது தூங்கிவிடாதீங்க.

6. ஒரே நடைபாதை விமானங்களில் சுமார் 9-ஆம் வரிசையிலிருந்து 20 வரை இறக்கை மறைக்கும். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு, காட்சி கிடையாது. முன்வரிசைக்கு விலை அதிகம். 24, 25-க்குப் பின்னால் போனால் காசும் மிச்சம், தரையும் நன்றாகத் தெரியும். இன்ஜினிலிருந்து வரும் சூட்டில் காட்சி லேசாக நெளியும் என்பதால், போட்டோ பிரியர்கள் மட்டும் முன்வரிசைக்குக் காசு கொடுக்கலாம். கடைசி வரிசை யாருக்கும் வேண்டாம்.

7. ஜன்னல் சீட் என்று போட்டிருக்கும், போய் உட்கார்ந்தால் வெறும் சுவர் இருக்கும்! போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. ஏரோலோபா இணையதளத்தில் சீட்டும் ஜன்னலும் எப்படிப் பொருந்துகின்றன என்று படமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

8. சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் போகும் குட்டி ஏடிஆர் விமானத்தில் இறக்கை தலைக்குமேலே இருக்கும். கீழே வயல், ஏரி, கோபுரம் எதுவும் மறைக்காது. விசிறி சுற்றும் இடத்தை விட்டுப் பின்னால் தள்ளி உட்காருங்க, போதும்.

9. கீழே மேகம் மட்டும்தானா என்று சலித்துக்கொள்ளாதீங்க. சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் மேகத்தின்மேல் விமானத்தின் நிழலும், அதைச் சுற்றி வட்டமாக வானவில் நிறங்களும் தெரியும். அந்த வட்டத்தின் நடுப்புள்ளி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிழல்தான். குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்க.

10. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது, சென்னைக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் கடல்மேல் போய்த் திரும்பி நகரத்துக்கு மேலாக இறங்கும். அப்போது எஃப் சீட்டில் மெரினா கடற்கரை நீளமாகத் தெரியும், ஏ சீட்டில் அடையாறு முகத்துவாரமும் பெசன்ட் நகரும் தெரியும்.

11. நாலு பேருக்கும் ஜன்னல் வாங்க வேண்டாம். ஒரு ஜன்னல், அதை ஒட்டிய சீட்டுகள் என்று எடுத்துக்கொண்டு, பெல்ட் விளக்கு அணைந்த பிறகு மாறி மாறி உட்காருங்க. நள்ளிரவு விமானமென்றால் ஜன்னலுக்குத் தனிக் காசு வீண்.

12. கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே வழியில் வரும் பகுதிகளின் மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்க. ஃப்ளைட் மோடில் இருந்தாலும் ஜன்னல் ஓரம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யும். கீழே போவது காவிரியா கொள்ளிடமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

13. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்று பையில் இருக்கட்டும், உங்களுக்கு முன்பு அந்த சீட்டில் வந்தவரின் தலை எண்ணெய்க்கறை போய்விடும். போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம், போனைக் கண்ணாடிக்கு அருகில் பிடியுங்க, ஆனால் அழுத்தாதீங்க, அதிரும். கறுப்புச் சால்வை ஒன்றைத் தலையோடு சேர்த்துப் பிடித்தால் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. இரவில் ஊர் விளக்குகளைப் படம் எடுக்கவும் இதே வழிதான்.

14. கதவு மூடிய பிறகும் உங்களுக்கு வேண்டிய பக்கம் ஒரு ஜன்னல் காலியாக இருக்கிறதா? நீங்களாக எழுந்து மாறாதீங்க. எடைச் சமநிலைக்காகவும் ஆட்களைப் பிரித்து உட்கார வைத்திருப்பார்கள், சின்ன விமானங்களில் இது முக்கியம். பணிப்பெண்ணிடம் சிரித்த முகமாக ஒரு வார்த்தை கேளுங்க. இடமிருந்தால் பெரும்பாலும் மாற்றி உட்கார வைத்துவிடுவார்கள்.