சிக்னலில் வெக்கை ஏன்?

பைபாஸில் கார் ஏசி ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் வெக்கை. இரண்டு பக்கமும் பிரஷர் அதிகம், கேஸ் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திருச்சி

அவசரப்படாதீர்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிராவிட்டால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மீதுதான். ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, அது சுற்றுகிறதா பாருங்கள். ஆர்134ஏ கேஸ் வண்டியில், நம்மூர் வெயிலுக்கு ஹை சைடு 200 முதல் 250 பி.எஸ்.ஐ. வரை காட்டுவது சகஜம். அதைத் தாண்டினால், மீட்டர் மாட்டியபடியே கண்டென்சர் மேல் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். முள் மளமளவென்று இறங்கி ஏசியும் குளிர்ந்தால் காற்றோட்டம்தான் குறை: ஃபேன் மோட்டார், ரிலே, அல்லது கண்டென்சர் இடுக்கில் அடைத்த புழுதி. இவை சரியாக இருந்தால் கேஸ் கூடியிருக்கலாம். முழுதும் இறக்கி, பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.