உடற்பயிற்சியும் வலி தாங்கும் ஆற்றலும்

கபடி ஆடி முடித்துக் களத்தைவிட்டு வெளியே வரும் மாணவன், தன் முழங்காலில் தோல் உரிந்து குருதி கசிந்திருப்பதை அப்போதுதான் காண்கிறான். எதிரணியினர் காலைப் பற்றி இழுத்தபோதோ, நடுக்கோட்டைத் தொடத் தாவி விழுந்தபோதோ அந்தச் சிராய்ப்பு ஏற்பட்டிருக்கலாம். ஆடும்போது தெரியாத எரிச்சல், தண்ணீர் விட்டுக் கழுவும்போது நன்றாகவே தெரிகிறது. ஆட்டத்தில் மனம் ஒன்றியிருந்தது இதற்கு ஒரு காரணம். உடலுக்குள் நிகழ்ந்த மாற்றம் மற்றொரு காரணம்.

தோலிலும் தசையிலும் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள், ஊறு நேர்ந்ததை அறிந்து தண்டுவடத்தின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அச்செய்தியை மூளை வாளா பெற்றுக்கொள்வதில்லை. தண்டுவடத்திற்குத் திரும்ப ஆணை அனுப்பி, மேலே வரும் செய்தியின் வலிமையைக் குறைக்கவோ கூட்டவோ அது வல்லது. ஓடுதல், மிதிவண்டி மிதித்தல் போன்ற பயிற்சிகளின்போது குறைக்கும் பணி மேலோங்குகிறது. நலமுடைய ஒருவர் கடுமையாக உழைத்து முடித்தவுடன் அவருடைய தோலை அழுத்திப் பார்த்தால், முன்பைவிடக் கூடுதலான அழுத்தத்தில்தான் வலி தொடங்குகிறது. உழைத்தவை கால்களே ஆயினும், கையிலும் இம்மாற்றம் காணப்படுவதுண்டு. ஆனால் இது நெடுநேரம் நிலைப்பதில்லை. பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் மறைந்துவிடுகிறது.

இம்மாற்றத்தில் உடல் தானே உண்டாக்கும் வேதிப்பொருள்களுக்குப் பங்குண்டு. 1975ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் ஆகிய அறிஞர்கள், பன்றியின் மூளையிலிருந்து வலியடக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவ்வகைப் பொருள்களுக்குப் பின்னர் எண்டார்ஃபின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 'உள்ளே தோன்றும் மார்ஃபின்' என்பது அதன் பொருள். ஓடுபவரின் வலி குறைவதற்கு எண்டார்ஃபின் ஒன்றே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டு ஆராய்ந்தபோது, வேறொரு பொருளுக்கும் பங்கிருப்பது புலனாயிற்று. அதன் பெயர் ஆனந்தமைடு. 1992இல் எருசலேமில் அதனைக் கண்டறிந்தவர்கள், 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர்.

இதுவரை கூறியது ஒரு நாள் பயிற்சியின் விளைவு. நாள்தோறும் பயில்வோரின் நிலை சற்று வேறானது. அதனை அறிய, வலி தொடங்கும் அளவு, வலி தாங்கும் அளவு என்னும் இரண்டையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும். 'வலிக்கிறது' என்று ஒருவர் முதலில் கூறும் இடம் முன்னது. 'இனி இயலாது' என்று அவர் விலகும் இடம் பின்னது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்ற 24 பேரில் 12 பேர், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் நிலைமிதிவண்டியை மிதித்தனர். மற்ற 12 பேர் தம் வழக்கம்போல் இருந்தனர். ஆறு வாரங்களுக்குப் பின் அனைவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். பயிற்சி செய்தவர்களுக்கும் வலி முன்பு தொடங்கிய அளவிலேயே தொடங்கியது. அதில் மாற்றமே இல்லை. பின்னர் அவர்களுடைய மேற்கையைப் பட்டையால் இறுக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்து, கைப்பிடிக் கருவியை விடாமல் அழுத்தச் செய்தனர். அப்போது அவர்கள் முன்பைவிட நெடுநேரம் தாங்கினர். பயிற்சி பெற்றவை கால்கள், தாங்கியதோ கை! ஆகவே அந்த ஆற்றல் தசையில் மட்டும் வளர்ந்ததன்று. மூச்சு வாங்க உழைக்கும் துன்பத்தை மீண்டும் மீண்டும் சந்தித்த உள்ளம், அதற்கு அஞ்சாதிருக்கப் பழகியது எனக் கருத இடமுண்டு.

நார்வே நாட்டின் டிரோம்சோ நகரம் ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே உள்ளது. அந்நகர மக்களில் 10,000க்கும் மேற்பட்டோர், மிகக் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தித் தம்மால் இயன்றவரை வைத்திருந்தனர். உடலுழைப்பு அற்றவர்களைவிடக் கடும் பயிற்சி செய்வோர் சராசரியாக ஏறத்தாழ 16 நொடி கூடுதலாகத் தாங்கினர். நடத்தல் போன்ற எளிய பயிற்சி உடையவர்களும் ஓரிரு நொடியன்று, ஏறத்தாழ 7 நொடி முந்தினர். வலிமை மிக்க வீரர்க்கு மட்டுமே உரிய ஆற்றல் இதுவன்று என்பது இதனால் விளங்கும்.

பயிற்சி வலியை அழித்துவிடுவதில்லை. அழிப்பின் அது கேடாகவே முடியும். கணுக்கால் பிசகிய பின்னும் வலி தோன்றாவிடில், ஓட்டக்காரர் ஓடிக்கொண்டே இருந்து அதனை முறித்துக்கொள்வார். ஆட்டத்தின் சூட்டில் வலி மங்கியிருக்கும் என்பதனாலேயே, அடிபட்டவரைப் பயிற்சியாளர் வெளியே அழைத்துச் சோதிக்கிறார்.

நாள்பட்ட வலியால் வருந்துவோர்க்கு இச்செய்தி பெரிதும் பயன்படுகிறது. இடுப்புவலி கண்டவரைப் பல நாள் படுக்கையில் கிடத்தும் வழக்கம் முன்பு இருந்தது. இன்று மருத்துவர்கள் இயன்ற அளவு நடமாடுமாறு கூறுகின்றனர். முழங்கால் மூட்டுத் தேய்ந்த முதியோர்க்கும் பயிற்சியே சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. உடலெங்கும் வலி பரவும் நோயுடையோர் சிலர்க்குத் தொடக்கத்தில் பயிற்சி வலியை மிகுவிப்பதும் உண்டு. அத்தகையோர் சில நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்; ஊறு – காயம், கேடு; வாளா – செயலற்று, சும்மா; தண்டுவடம் – முதுகெலும்பின் உள்ளே செல்லும் நரம்புத் தொகுதி; புலனாயிற்று – தெரியவந்தது.

பயிற்சி
1. வலி தொடங்கும் அளவு, வலி தாங்கும் அளவு – வேறுபடுத்தி எழுதுக.
2. ஆஸ்திரேலிய ஆய்வில் கால்களுக்குப் பயிற்சி அளித்துக் கைகளைச் சோதித்ததால் அறியப்பட்டது யாது?
3. பிரித்து எழுதுக: உடற்பயிற்சி, குருதியோட்டம், நாள்தோறும்.
4. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம், அவர் இளமையில் செய்த உடலுழைப்பைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.