சாலைப் பாதுகாப்பும் அரசின் திட்டங்களும்

பத்தாம் வகுப்பு மாணவி

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர்! எங்கள் வகுப்பு மாணவியர் 46 பேர்தாம். இந்த இழப்பைத் தடுக்க மாநில அரசு செய்வது யாது? நாம் செய்ய வேண்டுவது யாது?

அரசின் முயற்சிகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, சாலையைச் சீர்படுத்துதல். விபத்து அடிக்கடி நேரும் இடங்களைக் கண்டறிந்து, வளைவுகளைத் திருத்தி, எச்சரிக்கைப் பலகைகளும் விளக்குகளும் அமைக்கிறார்கள். இரண்டாவது, சட்டத்தைச் செயற்படுத்துதல். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, இருசக்கர வண்டியை ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். மூன்றாவது, மக்களுக்குச் சாலை விதிகளைக் கற்பித்தல். நான்காவது, அடிபட்டவரை விரைந்து காப்பாற்றுதல்.

இந்த நான்காவதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்பர். அதற்குள் இரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சு தடைப்படாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. 2008ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. 18-12-2021 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். இதன்படி, முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை அரசே செலவு செய்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் வேறுபாடு இல்லை.

ஆனால், இத்தனை ஏற்பாடும் எப்போது தொடங்குகிறது? யாரேனும் ஒருவர் 108ஐ அழைக்கும்போதுதான்.

சென்ற ஆண்டு என் தாய்மாமா வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்புகையில் லாரி உரசிக் கீழே விழுந்தார். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். கூட்டம் கூடியது. "போலீஸ் கேஸாகிவிடும், நமக்கேன் வம்பு?" என்று பலரும் ஒதுங்கி நின்றனர். பூ விற்கும் ஓர் அம்மாள்தான் கடைக்காரரின் போனை வாங்கி 108ஐ அழைத்தார்; வண்டி வரும்வரை மாமாவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மாமா பிழைத்தார், ஆயினும் ஒரு காது இன்றும் கேட்பதில்லை. அந்த அம்மாளின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அன்று ஒதுங்கி நின்றவர்களின் அச்சத்திற்குக் காரணமே இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரை எவரும் வற்புறுத்த முடியாது. அச்சட்டம் அவருக்கு இட்டிருக்கும் பெயர் 'நல்ல சமாரியர்'. மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்ட அதே பெயர்! கண்டும் விலகிச் சென்ற இருவரையும் நாம் மறக்கலாகாது.

அன்புத் தோழியரே! அரசின் திட்டம் ஒரு சங்கிலி போன்றது. அதன் முதல் கண்ணி சாலையில் நிற்கும் நாமே. 108 என்னும் எண்ணை வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுப்போம். பெற்றோரே! எங்களைப் பள்ளிக்கு அழைத்து வரும்போது தலைக்கவசம் கண்ணாடியில் தொங்க வேண்டாம். உங்கள் தலையில் இருக்கட்டும். எங்களுக்கும் ஒன்று வாங்கித் தாருங்கள். மாலையில் நீங்கள் நலமாக வீடு திரும்புவதே எங்களுக்குப் பெரும் பரிசு.